கூட்டிப் பெருக்கிய ஆறு

டிசம்பர் 3

அன்புள்ள அண்ணா,

தங்கை எழுதுகிறேன். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இருமல் போன மாதமே விடைபெற்றுக்கொண்டது. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அண்ணியின் தையல் எந்திரம் சரியாயிற்றா? உன் செல்ல மகள் சிட்டு விடுதியில் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இல்லை வீட்டில் காட்டும் வீம்பை அங்கேயும் காட்டுகிறாளா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும். உன் அணையில் இருக்கும் ஒரே போன் மேலதிகாரிகளுக்கு மட்டும்தான் வேலை செய்கிறது என்பதால், கடிதத்திலாவது ஒரு வரியோடு தப்பித்துக்கொள்ளாதே.

பிப்ரவரியில் உன் தடுப்பணைக்கு வருகிறேன். விருந்தாளியாக இல்லை, வேலையாக. மேலே புது அணை வந்துவிட்டதால் உங்கள் பழைய அணையை இடிக்கப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். இடிக்கும் முன் ஷட்டர்களை எல்லாம் திறந்து, தேங்கிக் கிடக்கும் சேற்றை மழை வெள்ளத்தோடு கீழே தள்ளிவிடத் திட்டமாம். லாரி வைத்து அள்ளினால் செலவு. ஆறு என்றால் கூலி கேட்காது. அந்தச் சேற்றில் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு எங்கள் ஆய்வகத்துக்கு, அதாவது என் தலைக்கு.

அப்பா வேலை பார்த்த காஸ்டிக் சோடா ஆலையின் கழிவில் பாதரசம் போனது ஊருக்கே தெரிந்த கதை. எவ்வளவு போனது, எந்தக் காலத்தில், இப்போது எங்கே கிடக்கிறது என்பதுதான் யாருக்கும் தெரியாது. ஆலையை மூடி இத்தனை வருஷமாகியும் ஒருவரும் தேடவில்லை. சேறு வருஷா வருஷம் ஒன்றின் மேல் ஒன்றாகப் படியும். நீளக் குழாயை நேராக இறக்கி உருவினால் அடியில் பழைய காலமும் மேலே புதுக் காலமுமாக அடுக்கு அடுக்காக வரும். எந்த அடுக்கில் விஷம் என்று பார்த்துவிடலாம்.

உன் பராமரிப்பில் இருக்கும் அணை என்று எங்கள் தலைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். "சேத்துக்கு சொந்தபந்தம் கிடையாதும்மா" என்றார். ஆகவே நீ ஒன்றும் செய்ய வேண்டாம். ஒரு படகு இருந்தால் போதும்.

அண்ணிக்கு என் அன்பு.

உன் தங்கை

*

டிசம்பர் 19

அன்புள்ள மண்ணுத்தின்னிக்கு,

அண்ணன் எழுதுவது. முழங்கால், மழை வருவதை வானிலைக்காரர்களுக்கு முன்னாலேயே எனக்குச் சொல்லிவிடுகிறது. எந்திரம் ஓடுகிறது, உன் அண்ணி அதைவிட வேகமாக ஓடுகிறாள். சிட்டு விடுதியில் தட்டை வழித்துச் சாப்பிடுகிறாளாம். வீட்டில்தான் மகாராணி. மூன்றுக்கும் பதில் ஆயிற்றா?

வாய் நிறைய மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டு அம்மாவிடம் முதுகில் வாங்கினவள், இன்றைக்கு மண்ணைப் பார்க்க அரசாங்கச் செலவில் வருகிறாள்! அன்றைக்கு வாங்கின அடிக்கெல்லாம் இப்போது சம்பளம். நான் பள்ளிக்கூடத்தில் வாங்கின அடிக்கு மட்டும் இதுவரை ஒரு பைசா வரவில்லை.

படகு இருக்கிறது, துடுப்பு இருக்கிறது, போட நான் இருக்கிறேன். "ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று நீ எழுதியதை உன் அண்ணிக்குப் படித்துக் காட்டினேன். "அவ நாத்தனாராச்சே, ஒண்ணும் செய்யலேன்னா வருஷம் பூரா சொல்லிக்காட்டுவா" என்று சொல்லிவிட்டு, உடனே ஜன்னல்களுக்குத் திரைச்சீலை வெட்ட உட்கார்ந்துவிட்டாள். அவளே அப்படி என்றால் கூடப்பிறந்தவன் நான் சும்மா இருப்பேனா? நீ வந்து பார்.

அணை போன பிறகு உன் அண்ணனை எங்கே தூக்கிப் போடுவார்கள் என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீர் இருக்கிற இடமாக ஏதோ ஒன்று.

குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொள். போன இருமல் வழி மறந்துவிடாது.

ஆசிகளுடன்,
அண்ணன்

*

மார்ச் 10

அன்புள்ள அண்ணா,

ஊர் வந்து சேர்ந்து மூன்று வாரமாகியும் எழுதவில்லை என்று கோபித்துக்கொள்ளாதே. ஆய்வக வேலை கழுத்து வரை. உடம்பு நன்றாக இருக்கிறது. அண்ணி போட்ட சாப்பாட்டில் ஒரு சுற்றுப் பெருத்தும் விட்டேன்.

உங்கள் வீட்டில் அலமாரிக்கு அடியில்கூட ஒரு தூசி இல்லை. என் உதவியாளர்கள் இன்னும் அதைத்தான் பேசுகிறார்கள். ஆறும் அன்றைக்குக் கண்ணாடி மாதிரி இருந்தது. மதகுப் பக்கம் படகு எங்கேயும் தட்டாமல் போயிற்று, குழாய் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது.

சேற்றில் பாதரசம் இருக்கிறது, ஆனால் பயப்படும் அளவுக்கு இல்லை. மேலிடத்தில் அவசரப்படுத்தினார்கள், கொடுத்துவிட்டேன். "கீழே விடலாம்" என்று என் கையெழுத்தோடு அறிக்கை போய்விட்டது. செப்டம்பர் நடுவில் திறப்பார்கள்.

சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். ஆனாலும் மனசில் ஏதோ ஒன்று நெருடுகிறது. உருவிய மண்ணில் அடுக்குகளே தெரியவில்லை. மேலிருந்து கீழ்வரை ஒரே பழுப்பு. மண்ணின் வயதைக் கணக்கிடும் சோதனைக்கு வேறு ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். வர இரண்டு மாதம் ஆகும்.

வாசலில் அடுக்கி வைத்திருந்த அட்டைப்பெட்டிகள் எதற்கு என்று அண்ணியிடம் கேட்டேன். "சும்மா" என்றார். உங்கள் வீட்டில் சும்மா ஒரு பொருள் இருந்து நான் பார்த்ததில்லை.

உன் தங்கை

*

மே 18

அன்புள்ள அண்ணா,

நலம்தான், ஆனால் நிம்மதியாக இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வயதுக் கணக்கு வந்துவிட்டது. வானத்தில் அணுகுண்டு வெடித்துப் பார்த்த காலத்தில், அதன் தூசி உலகம் முழுக்க விழுந்தது. கலையாத ஆற்றுச் சேறு எங்கே இருந்தாலும் அந்தத் தூசி ஓர் அடுக்காகப் படிந்திருக்கும். அதை வைத்துத்தான் எது அப்பா காலத்து மண், எது நம் காலத்து மண் என்று சொல்கிறோம். உன் மதகுப் பக்கத்து மண்ணில் அந்த அடுக்கே இல்லை. நான் உருவியது முழுக்கப் புத்தம் புது மண். ஐம்பது வருஷத்து ஆறு என்று நினைத்து, நேற்று வந்து படிந்த வண்டலைச் சோதித்திருக்கிறேன்.

பழைய மண் எங்கே போயிற்று? போன மழையில் பெரிய வெள்ளம் ஏதாவது வந்ததா? யாராவது தோண்டினார்களா? மணல் திருடர்களா? நினைவுபடுத்திப் பார்த்து உடனே எழுது.

முழங்காலையும் சேர்த்து விசாரித்ததாக வைத்துக்கொள்.

தங்கை

*

மே 27

அன்புள்ள மண்ணுத்தின்னிக்கு,

எல்லோரும் சௌக்கியம். முழங்காலும் அதில் சேர்த்தி.

வெள்ளமா? கரையைத் தொடும் அளவுக்குக்கூட வரவில்லை. மணல் திருடர்களா? திருடுகிற மாதிரி இங்கே மணல் ஏது, சேறுதானே. இவ்வளவு யோசித்தாயே, உன் அண்ணனை ஒரு நிமிஷம் யோசித்தாயா?

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். செய்ததைச் சொல்லிக்காட்டுவது அழகில்லை. நீ வருகிறாய் என்று கடிதம் வந்ததும் போய்ப் பார்த்தேன். மதகுப் பக்கம் சேறு முட்டிக்கொண்டு நிற்கிறது, நாற்றம், படகு நாலு அடிக்கு ஒரு தரம் தட்டுகிறது. நகரத்திலிருந்து தங்கை வருகிறாள், கூட இரண்டு பேர் வருகிறார்கள். "உங்க அண்ணன் அணையைப் பாத்துக்கிற லட்சணம் இதுதானா"ன்னு கேட்டுட்டா? அணையின் அடியில், சேற்றை வெளியே தள்ளுவதற்கென்றே மணல்போக்கி என்று ஒரு மதகு இருக்கிறதல்லவா? டிசம்பர் கடைசியில் ஆற்றில் நல்ல ஓட்டம். அதை முழுசாகத் தூக்கிவிட்டேன். நாலு நாள் கருகருவென்று பீறிட்டது. அப்புறம் மூடினேன். மேலேயிருந்து புது வண்டல் வந்து நிரம்பி, மெழுகின தரை மாதிரி ஆயிற்று.

உன் அண்ணி வீட்டைக் கூட்டினாள், நான் ஆற்றைக் கூட்டினேன். "ஆறு கண்ணாடி மாதிரி இருக்கே"ன்னு நீ சொன்னாயே, அப்போது அவளைப் பார்த்துக் கண்ணடித்தேன். நீ பார்க்கவில்லை.

இதற்குப் போய் திருடன், வெள்ளம் என்கிறாய்!

ஆசிகளுடன்,
அண்ணன்

*

ஜூன் 4

அண்ணா,

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் சிரித்தேன். பிறகு என் அறிக்கையின் நகலை எடுத்து மறுபடி படித்தேன்.

காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்க வந்தவளிடம் குழந்தையைப் பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி நீட்டியிருக்கிறாய். நானும் தொட்டுப் பார்த்துவிட்டு "காய்ச்சல் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். மதகுப் பக்கம் ஒரு மூலையைத்தான் நீ கழுவினாய். அணைக்குப் பின்னால் அகலத்துக்கும் கிடக்கும் மிச்சச் சேறு முழுக்க அப்படியே இருக்கிறது. என் அறிக்கையை நம்பித்தான் செப்டம்பரில் அது முழுவதையும் திறந்துவிடப் போகிறார்கள்.

உன்னை மட்டும் சொல்லிப் பயனில்லை. "ஒன்றும் செய்யாதே" என்று எழுதியவள் "மதகைத் தொடாதே" என்று எழுதியிருக்க வேண்டும். அடுக்கு இல்லாத மண்ணைப் பார்த்தும் அவசரத்துக்கு அறிக்கை கொடுத்தவளும் நான்தான். கொடுத்ததை நான் திருப்பி வாங்கப் போகிறேன்.

அதற்குக் கலையாத மண் வேண்டும். ஆலையின் பழைய படகுத்துறை, கல்சுவருக்கு உள்ளே ஒரு மூலை உண்டே, அங்கே மணல்போக்கியின் இழுப்பு போயிருக்காது. அடுத்த வாரம் குழாயோடு வருகிறேன். வீட்டையும் தொடாதே, ஆற்றையும் தொடாதே.

இன்னொன்று. மணல்போக்கியைத் திறக்க உத்தரவு இருந்ததா? திறந்ததைப் பதிவு செய்தாயா? இதற்குப் பதில் எழுது.

தங்கை

*

ஆகஸ்ட் 1

அன்புள்ள அண்ணா,

ஜூன் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. நேரில் வந்தபோதும் சொல்லவில்லை. துடுப்புப் போட்டாய், குழாயைப் பிடித்தாய், சேற்றில் இடுப்பு வரை இறங்கினாய். பதிவு செய்தாயா என்று கேட்டதும் வானத்தைப் பார்த்து "மழை வரும்போல" என்றாய். அன்றைக்கு ஒரு துளி விழவில்லை. பதில் எனக்குப் புரிந்துவிட்டது.

எனக்கு இருமல் திரும்பியிருக்கிறது. பெரிதாக ஒன்றுமில்லை.

படகுத்துறை மண்ணை அறுத்துப் பார்த்தோம். மேலே பழுப்பு, நடுவில் கருப்பு, அடியில் மறுபடி பழுப்பு. அணுகுண்டுத் தூசி கருப்பு தொடங்கும் இடத்தில் இருக்கிறது. காலம் ஒரு குழப்பமும் இல்லாமல் பொருந்துகிறது. அந்தக் கருப்பில் இருக்கும் பாதரசம் என் எந்திரத்தின் கணக்குக்கே அடங்கவில்லை, மண்ணைக் கரைத்து நீர்க்கவைத்து மறுபடி அளக்க வேண்டியிருந்தது. மிகவும் கெட்ட அடுக்கு எந்தக் காலம் தெரியுமா? அப்பா பாதரசக் கூடத்தில் இரட்டை ஷிப்ட் பார்த்த வருஷங்கள்.

மருந்துக் குப்பியில் அப்பா நமக்குக் கொண்டுவந்து கொடுப்பாரே, வெள்ளி உருண்டை. சிலேட்டில் விட்டு, அது உடைந்து ஓடுவதையும் சேர்வதையும் பார்த்துக்கொண்டிருப்போம். நம் வீட்டில் இருந்த ஒரே விளையாட்டுச் சாமான் அதுதான். கடைசியில் அப்பா தேநீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் குடிப்பார். வயசாகிவிட்டது என்றோம். அண்ணா, அப்போது அவருக்கு உன் இப்போதைய வயதுகூட ஆகவில்லை. இதை எழுதும்போது எனக்கு ஆத்திரமாக வருகிறது.

இரண்டாவது அறிக்கையைத் துறையில் கொடுத்தேன். "ரெண்டு அறிக்கை, ரெண்டு விடை. ஏன் மாறுச்சுன்னு எழுத்துல காரணம் கொடுங்க, இல்லேன்னா மொதல்ல கொடுத்ததுதான் நிக்கும்" என்றார்கள். காரணம் எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஏதோ தெரியாத வெள்ளம் என்று எழுதலாம். எழுத மாட்டேன். மணல்போக்கி திறக்கப்பட்டது என்று எழுதினால், திறந்தது யார் என்ற கேள்விக்கு அங்கே ஒரே ஒரு மதகுக் காவலர்தான் இருக்கிறார்.

நீயே முன்வந்து சொன்னால் தண்டனை குறையும் என்று விசாரித்து வைத்திருக்கிறேன். இந்த மாதம் முடியும்வரை காத்திருக்கிறேன். அதற்கு மேல் முடியாது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 13

நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். "அன்புள்ள" என்று போட இன்றைக்கு மனசு வரவில்லை. இருமல் என்று எழுதியிருந்தாய், மாத்திரை சாப்பிடு.

உன் அண்ணன் சொல்ல மாட்டார், நான் சொல்கிறேன். அணை மூடியதும் கீழே இருக்கும் நகரத்துக் குடிநீர்ப் பம்பு நிலையத்தில் அவருக்கு இடம் என்று போன வருஷமே உத்தரவு வந்தாயிற்று. குடியிருக்க வீடு உண்டு. ஜன்னலைத் திறந்தால் சிட்டுவின் பள்ளிக்கூடம் தெரியும். அட்டைப்பெட்டி சும்மாதான் என்றேனே, அது இதற்குத்தான். பதினோரு வருஷமாக இந்தக் காட்டில் பக்கத்து வீடு என்று ஒன்று இல்லாமல் இருக்கிறேன். பெற்ற பெண்ணை லீவுக்கு லீவு பார்க்கிறேன். "அவ பரிசோதனை பண்ண வர்றா, இதச் சொன்னா அவ கை தடுமாறும், சொல்லாத" என்று என்னிடம் சத்தியம் வாங்கினார்.

உத்தரவில்லாமல் மதகைத் திறந்தது தெரிந்தால் வேலைநீக்கம் வரை போகும். மாற்றல் கண்டிப்பாகப் போய்விடும். எதற்காகத் திறந்தார்? நீ வருகிறாய் என்றுதானே? உனக்காக ஆற்றைக் கழுவிவிட்ட மனுஷனுக்கு நீ செய்கிற மரியாதை இதுதானா?

உன் ஆகஸ்ட் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மதகு மேலேயே நடக்கிறார். அந்தச் சட்டையைத் துவைக்கக்கூடத் தரமாட்டேன் என்கிறார்.

எழுதிவிட்டேன். இனி உன் இஷ்டம்.

அண்ணி

*

ஆகஸ்ட் 20

அன்புள்ள அண்ணிக்கு,

மாத்திரை சாப்பிட்டேன். நீங்கள் கோபத்தில் சொன்னாலும் தட்ட முடிகிறதா?

மாற்றல் விஷயம் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று இரண்டு நாளாக என்னையே கேட்டுக்கொண்டேன். இதையேதான் செய்திருப்பேன். இன்னும் அதிகமாக வலித்திருக்கும், அவ்வளவுதான்.

அண்ணி, உங்கள் பெட்டிகளைக் கட்டிக்கொண்டு நீங்கள் போகப் போகும் அந்தப் பம்பு நிலையம் தண்ணீர் எடுப்பது எங்கே? அணைக்குக் கீழே, ஆறு வளையும் இடத்தில். ஷட்டரைத் திறந்தால் கருப்புச் சேறு முழுவதும் போய்த் தங்கப் போவது அந்த வளைவில்தான். அதிலிருந்து கரையும் விஷத்துக்கு நிறம் இருக்காது, வாசனை இருக்காது. மீனுக்குள் போகும், தண்ணீருக்குள் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். பம்பை இயக்கப் போவது அண்ணன். விடுதியில் குழாயைத் திறந்து டம்ளரை நீட்டப் போவது சிட்டு. போன வாரம் அந்த விடுதிக்கே போய்த் தண்ணீர் எடுத்துச் சோதித்தேன். நாலு நாளில் போன சேற்றுக்கு இதுவரை ஒன்றும் தெரியவில்லை, தைரியமாக இருங்கள். முழுக்கப் போனால் அந்தத் தைரியத்தை என்னால் சொல்ல முடியாது.

அப்பாவுக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்தவர்கள் இருந்திருப்பார்கள், அவர்களுக்கும் ஒரு மாற்றல் உத்தரவு இருந்திருக்கும்.

செப்டம்பர் முதல் தேதி காலையில் காரணத்தை எழுதிக் கொடுக்கிறேன். அண்ணன் பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி. அதற்குப் பிறகு நீங்கள் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றால், பெட்டி படுக்கையோடு உங்கள் வாசலில் வந்து உட்கார்ந்துகொள்வேன். எத்தனை நாள் தாண்டிப் போவீர்கள் என்று பார்க்கிறேன்.

உங்கள் நாத்தனார்

*

செப்டம்பர் 2

அன்புள்ள மண்ணுத்தின்னிக்கு,

இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சலும் வரும். கனமாக இருக்கும், காலில் போட்டுக்கொள்ளாதே. இருமலுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று எழுது.

உன் ஜூன் கடிதத்துக்கு மூன்று நாலு பதில் எழுதிக் கிழித்தேன். ஒன்றில் உன்னைத் திட்டியிருந்தேன். ஒன்றில் கெஞ்சியிருந்தேன். அதைப் படித்துப் பார்த்தபோது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆகஸ்ட் கடிதத்தில் அப்பா டம்ளரை இரண்டு கையால் பிடித்ததை எழுதியிருந்தாய். படித்த அன்றைக்குத் தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, நடுங்குகிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நடுங்கவில்லை. ஆனால் அப்பா கைக்குப் பதிலாக சிட்டுவின் கை கண்ணில் வந்தது. அந்தத் தேநீரை அப்படியே கீழே ஊற்றிவிட்டேன்.

இருபத்தெட்டாம் தேதி கோட்ட அலுவலகத்துக்குப் போய் வாக்குமூலம் கொடுத்துவிட்டேன். எந்தத் தேதி, எத்தனை நாள், யார் உத்தரவு என்றெல்லாம் கேட்டார்கள். கடைசியில், திறந்த காரணம். "தங்கை வருவதால்" என்று எழுதினேன். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "என்னய்யா இது, இதெல்லாம் ஒரு காரணமா?" என்றார். "உள்ளது இதுதாங்க. வேற வேணும்னா நீங்களே எழுதிக்குங்க" என்றேன். அதன் நகலை உன் ஆய்வகத்துக்கும் அனுப்பச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

அதோடு முடிந்ததென்று நினைத்தால், நேற்று போன் வருகிறது: "மாச நடுவுல வேண்டாம், அஞ்சாம் தேதியே எல்லா ஷட்டரையும் தெறந்துடு." காகிதம் ஊர்ந்து போய்ச் சேருவதற்குள் சேறு ஓடிவிட வேண்டும் என்று யாருக்கோ அவசரம். மேலே இருப்பவர் சொன்னால் நான் மாட்டேன் என்று சொல்ல முடியாது. ஆனால் கைப்பிடி இல்லாமல் எப்படித் திருகுவது? இந்த ஷட்டர்களுக்கு ஒரே கைப்பிடி. அணை கட்டின காலத்தில் வார்த்தது. இன்னொன்று வேண்டுமென்றால் அளவெடுத்து வார்க்க வேண்டும், மழைக்காலம் போய்விடும்.

பார்சலில் இருப்பது அதுதான். யாராவது கேட்டால் சோதனைக்காக ஆய்வகம் போயிருக்கிறது என்பேன். பொய் இல்லையே?

சாக்குத் துணியில் சுற்றித் தைத்தது யார் என்று தையலைப் பார்த்தாலே தெரியும். நான் கயிறு போட்டுக் கட்டப் போனேன். பிடுங்கிக்கொண்டாள். "சட்டுனு அவுத்துடக் கூடாது" என்று சொல்லி இரட்டைத் தையல் போட்டிருக்கிறாள்.

ஆசிகளுடன்,
அண்ணன்

*

செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணா, அண்ணிக்கு,

இருமல் குறைந்துவிட்டது. நீங்கள் இருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்.

முதல் தேதி காலையில் என் காகிதத்தோடு தலைவர் அறைக்குப் போனேன். மேசைமேல் உன் வாக்குமூலம் கிடந்தது. அவர் ஒரு வரியில் விரலை வைத்து, "ஏம்மா, இதுதான் காரணமா?" என்றார். "ஆமாங்க. எங்க வீட்டுல எல்லாத்துக்கும் இதுதான் காரணம்" என்றேன். அவர் இரண்டு காகிதத்தையும் ஒன்றாகக் குத்தி, தானே எடுத்துக்கொண்டு மேலே போனார்.

பார்சல் ஆறாம் தேதி வந்தது. அண்ணியின் தையலைப் பிரிக்க என் உதவியாளர்கள் இருவரும் கத்தரிக்கோலோடு போராடினார்கள். முறைப்படி பதிவு செய்தாயிற்று: "இரும்புக் கைப்பிடி, ஒன்று. சோதனை முடியும்வரை வெளியே தர இயலாது." துறையிலிருந்து இரண்டு தடவை கேட்டார்கள். என்ன சோதனை என்றார்கள். துருச் சோதனை என்றேன். எப்போது முடியும் என்றார்கள். துருவுக்கு அவசரம் தெரியாது என்றேன்.

நேற்று முடிவு வந்தது. திறப்பதில்லை. படகுத்துறையிலிருந்து மதகு வரை சேற்றை அடைத்து, உலர்த்தி, அள்ளி, லாரியில் கொண்டுபோய்ப் பாதுகாப்பாகப் புதைக்க வேண்டும். அதுவரை அணை நிற்கும். என் முதல் அறிக்கை தள்ளுபடி. எனக்கும் ஒரு கண்டனக் கடிதம் வந்திருக்கிறது, சட்டம் போட்டு மாட்டலாம் என்றிருக்கிறேன்.

உன் வேலை விஷயத்தில் தலைவர் எவ்வளவோ பேசிப் பார்த்தார். இடைநீக்கத்தைத் தடுக்க முடியவில்லை. அண்ணா, அந்தக் கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு உதவியாளர்கள் முன்னாலேயே அழுதுவிட்டேன். உன்னை நினைத்து எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது, அவ்வளவு வருத்தமாகவும் இருந்தது.

உங்கள் தங்கை

*

அக்டோபர் 20

அன்புள்ள மண்ணுத்தின்னிக்கு,

புது முகவரியிலிருந்து எழுதுகிறேன். மேலே பார்த்துக் குறித்துக்கொள். முழங்காலுக்கு இங்கே மாடிப்படி மட்டும்தான் தொந்தரவு.

விசாரணை முடியும்வரை பாதிச் சம்பளம். அணை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். பெட்டிகள் தயாராகத்தானே இருந்தன? உன் அண்ணி எந்திரத்தைத் தூக்கி வண்டியில் வைத்துவிட்டு, "எங்க போறதுன்னு கேக்காதீங்க, ஏறுங்க" என்றாள். சிட்டு பள்ளிக்குப் பின்தெருவில் ஒரு அறை, ஒரு சமையலறை. அவள் விடுதியை விட்டு எங்களோடு வந்துவிட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்துச் சீருடை பாதி இப்போது உன் அண்ணி கையால்தான் தைக்கப்படுகிறது. நான் பொத்தான் தைக்கிறேன். வேலை சுத்தமில்லை என்று தினம் திட்டு வாங்குகிறேன்.

அணைக்கு வேறு காவலர் வந்துவிட்டார். வந்ததும் முதல் வேலையாக, கைப்பிடி எங்கே என்று என்னிடம் கேட்டு ஆள் அனுப்பினார். உன் முகவரியைக் கொடுத்திருக்கிறேன். மரியாதையாகப் பேசு, நல்ல மனுஷன்போல் தெரிகிறது.

பள்ளி விட்டு வந்ததும் சிட்டு குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்து, நின்ற இடத்திலேயே மடமடவென்று குடிக்கிறாள். ஒரு கையால்தான் பிடிக்கிறாள். நான் தினமும் பார்க்கிறேன். நான் ஏன் பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியாது.

உன் அண்ணி உன்னை வரச் சொல்கிறாள். கோபம் போய்விட்டதா என்று கேட்டேன். "அத வந்தா அவகிட்ட சொல்லிக்கிறேன்" என்கிறாள். துணிவெட்டுகளும் நூல்கண்டுகளுமாகக் கால் வைக்க இடமில்லை. கட்டிலில் பாதி சீருடை, மீதியில் நாங்கள். இந்தத் தடவை எதையும் கூட்டிப் பெருக்கி வைக்கப் போவதில்லை. எப்படி இருக்கிறோமோ அப்படியே வந்து பார்.

ஆசிகளுடன்,
அண்ணன்